அரசுப் படகா, ஹவுஸ்போட்டா?

கேள்வி: ஆலப்புழையில் ஹவுஸ்போட் பதிவு செய்யலாம் என்கிறேன் நான். அரசுப் படகில் கோட்டயம் பக்கம் போய், வழியில் குட்டநாட்டுக் கிராமம் ஒன்றில் இரவு தங்கலாம் என்கிறார் மனைவி. பஸ்ஸில் சீக்கிரம் போய்விடக்கூடிய ஊருக்கு இரண்டரை மணி நேரம் படகில் உட்காருவது நேர விரயம் அல்லவா?
– வாசகர், சைதாப்பேட்டை, சென்னை.

பதில்: பழைய மாமல்லபுரம் சாலை சிக்னல்களில் கழியும் நேரத்தைக் கணக்குப் பார்க்காத சென்னைக்காரர், விடுமுறையில் மட்டும் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே!

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஹவுஸ்போட் இரவெல்லாம் மிதந்துபோகும் என்று நினைத்திருக்கிறீர்களா? இரவில் காயலில் (உப்பங்கழியில்) மீனவர்கள் வலை விரிப்பார்கள். அதனால் மாலை ஐந்தரை வாக்கிலேயே ஹவுஸ்போட்டைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். கட்டிப்போட்ட படகில் ஜெனரேட்டர் சத்தத்தோடு தூங்குவதற்குத்தான் அத்தனை ஆயிரம் வாடகை.

அரசுப் படகு மெதுவாகப் போவது உங்களுக்குக் காட்சி காட்டுவதற்காக அல்ல. அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் டவுன் பஸ். துறைதோறும் நின்று பள்ளிப் பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி இறக்க வேண்டாமா? டிக்கெட்டும் சில பத்து ரூபாய்தான். ஓரத்து இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் மேலே இருக்கும், வயல் கீழே இருக்கும்! காயலுக்குள் வரப்பு எழுப்பி, உள்ளே நின்ற நீரை இறைத்து மீட்ட நிலம் அது. கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் இந்த விவசாயத்தை உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. (நம் பக்கிங்காம் கால்வாயிலும் ஒரு காலத்தில் படகு ஓடியது. அதில் நாம் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டுவிட்டோம்.)

தங்குவதில்தான் கவனம் வேண்டும். இறங்கிய பிறகு லாட்ஜ் தேடலாம் என்று கிளம்பாதீர்கள். ஹோம்ஸ்டே வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, எந்தத் துறையில் இறங்குவது, கடைசிப் படகு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிநீருக்குத் திண்டாடும் ஊர்கள் அவை. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்காதீர்கள். வெள்ளம் வரும் மழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் படகு நின்றுபோவதும் உண்டு, ஆகவே ஆலப்புழைத் துறையில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் காலையில் ஆலப்புழை. டிக்கெட் எடுக்கும் பொறுப்பை மனைவியிடமே விடுங்கள். நீங்கள் எடுத்தால் கூடவே ஹவுஸ்போட்டையும் பதிவு செய்துவிடுவீர்கள்.