டியர் குடும்பக் கொடி மகள் வழியில் ஓடுகிறது

கலப்பை செய்த கொல்லர் ஜான் டியரின் வம்சம், மகன் சார்லஸ் 1907-இல் இறந்ததோடு நின்றுவிடுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். ஆண் வழியில் தேடினால் அங்கேதான் முட்டி நிற்கும். சார்லஸுக்கு இரண்டும் பெண்கள். இளையவள் கேத்தரினின் கணவர் பட்டர்வொர்த், ஜான் தொடங்கிய டியர் நிறுவனத்தின் அடுத்த தலைவரானார். 1928-இல் வந்தவர் மூத்தவள் அன்னாவின் மகன், பெயர் சார்லஸ் டியர் வைமன். நடுப்பெயரில் தாத்தா இருக்கிறார், பாருங்கள்! வைமனின் மகளை மணந்த ஹியூவிட் 1982 வரை நடத்தினார்.

அப்புறம் ஒன்று: ஜான், மனைவி டெமாரியஸ் இறந்தபின் அவருடைய தங்கை லூசீனியாவை மணந்தார். இருவருக்கும் பிறந்த வீட்டுப் பெயர் லாம்ப். ஒருவரென்று எழுதிவிடாதீர்கள். 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, பிள்ளைகள் பெயரை அங்கே தேட வேண்டாம்.