குடலின் உட்சுவரைக் காக்கும் செல்கள் எவை?

குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா இருந்தும் ஏன் நோய் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குடலின் உட்சுவரை மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தாம். அவற்றிடையே உள்ள கோப்பை வடிவச் செல்கள், நறுக்கிய வெண்டைக்காயின் கொழகொழப்பை ஒத்த சளியைச் சுரந்து, கிருமிகள் சுவரை நெருங்காமல் தடுக்கின்றன. சிறுகுடல் குழிகளின் அடியில் இருக்கும் பானெத் செல்கள் லைசோசைம் போன்ற கிருமிக்கொல்லிப் புரதங்களை வெளியிடுவதோடு, பக்கத்திலுள்ள, பிரிந்து புதுச் செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களையும் பேணுகின்றன. எனக்கு வியப்பளிப்பது இந்த ஸ்டெம் செல்களே: உட்சுவரைச் சுமார் 3 முதல் 5 நாட்களில் புதுப்பித்துவிடுகின்றன. எங்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வாளர் ககன்தீப் காங் பல்லாண்டுகள் ஆராய்ந்த, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ், சிறுகுடல் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியிலுள்ள முதிர்ந்த செல்களையே தாக்குகிறது. குழந்தையின் வயிற்றுப்போக்கு சில நாட்களில் அடங்குவதற்கு, குழிகளின் அடியிலிருந்து ஏறிவரும் புதுச் செல்களும் ஒரு காரணம்.