நாமே செய்த ஹார்ப்பில் பாமாலை, கீர்த்தனை போன்ற கிறிஸ்தவப் பாட்டுகளை வாசித்தால் நோயில் கிடப்பவருக்கு உண்மையிலேயே ஆறுதல் கிடைக்குமா?

கேட்டவர் மூன்று வரிதான் எழுதியிருக்கிறார். அப்பா படுக்கையில் இருக்கிறார், வீட்டிலேயே ஒரு சின்ன ஹார்ப் (யாழ் மாதிரி நரம்பு வாத்தியம்) செய்துகொண்டிருக்கிறேன், சொந்தக்காரர்கள் "இந்த நேரத்தில் இது தேவையா" என்கிறார்கள் என்று. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அதே கேள்வியை அதே வார்த்தைகளில் என் அக்கா என்னிடம் கேட்டாள், 2019-இல்.

கிடைக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற பாட்டில் கிடைக்காமல் போகலாம், நினைக்கிற நேரத்திலும் கிடைக்காமல் போகலாம். என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முறைப்படி இசை படித்ததில்லை, கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் டெனார், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடியதோடு சரி. அந்த வருடம் ஜனவரியில் அம்மாவுக்கு நுரையீரலில் புற்று என்று சொன்னார்கள். வயது 81, அறுவை சிகிச்சை கிடையாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எனக்குக் கை பரபரத்தது. மருந்து வாங்கி வருவதையும் வாசலில் உட்கார்ந்திருப்பதையும் தவிர வேறு ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. சவுல் ராஜா கலங்கும்போதெல்லாம் தாவீது சுரமண்டலம் வாசிப்பான், அவனுக்கு ஆறுதலாகும் என்று ஞாயிறு பள்ளியில் படித்த பைபிள் கதை எங்கோ மனதில் கிடந்திருக்கிறது, ஹார்ப்பைத்தான் அங்கே சுரமண்டலம் என்பார்கள். அப்படித்தான் ஆரம்பித்தேன்.

செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீங்களும் இப்போது அதில்தான் இருக்கிறீர்கள். 22 நரம்பு, மடியில் வைத்து வாசிக்கிற அளவு. சட்டத்துக்குப் பலா மரம், தெரிந்த ஆசாரி ஒருவர் கதவு வேலையில் மிஞ்சியதைக் கொடுத்தார். தஞ்சாவூரில் வீணை செய்வதும் பலாவில்தான், அதனால் நம்பி எடுத்தேன். நரம்புக்கு மீன்பிடிக்கிற தங்கூஸ், நைலான்தான், துறைமுகப் பக்கத்துக் கடையில் பல தடிமனில் கிடைக்கும். மிடில் சி சுரத்துக்கு அரை மீட்டர் நீளத்தில் 0.8 மில்லிமீட்டர் நரம்பு, கீழே போகப்போக 1.2 வரை. முறுக்குகிற ஆணிகளைச் சுரமண்டலம் என்ற இந்துஸ்தானி வாத்தியத்துக்கு விற்பதிலிருந்து வரவழைத்தேன். நரம்பின் அடி முனையில் சட்டைப் பொத்தான் கோத்து முடிச்சுப் போட்டால் பலகையின் துளை கிழியாது.

முதல் தடவை தோற்றேன். 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை அப்படியே ஒலிப்பலகையாக வைத்துவிட்டேன். ஒரு நரம்பின் இழுவை 4 கிலோதானே என்று தோன்றும். 22 நரம்பு சேர்ந்தால் 90 கிலோவை நெருங்கும், இரண்டு மூட்டை சிமெண்டுக்குக் கொஞ்சம் குறைவு, அது ராத்திரி பகல் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாலாவது நாள் பலகை பூரி மாதிரி உப்பி, ஒட்டு விட்டுப்போயிற்று. இரண்டாவது பலகைக்கு உள்பக்கம் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு ரீப்பர் கட்டை ஒட்டி அதன் வழியாகத்தான் துளை போட்டேன், இன்றுவரை நிற்கிறது. இன்னொன்று, நைலான் நரம்பு புதிதில் நீண்டுகொண்டே போகும். இரண்டு வாரத்துக்குக் காலையும் மாலையும் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். அதைப் பார்த்து, செய்தது தப்பாகிவிட்டதோ என்று கலங்காதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் அம்மாவுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நாலு கட்டில் வார்டு. அங்கே ஹார்ப்பைக் கொண்டுபோனேன். எனக்கு நன்றாக வருகிற பாட்டு 'என்னோடிரும், மா நேச கர்த்தரே'. அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் ஹார்ப்பில் லீவர் (நரம்பை அரைச் சுரம் ஏற்றுகிற சின்ன நெம்பு) கிடையாது, சி மேஜரில் இருக்கிற ஏழு சுரம்தான். அந்தப் பாட்டில் இரண்டாவது வரி முடியும் இடத்தில், 'இருட்டாயிற்றே' என்பதில் 'யிற்' என்ற அசைக்கு, எஃப் அரைச் சுரம் ஏற வேண்டும். அந்த நரம்பே என்னிடம் இல்லை. நரம்பின் மேல் முனைக்குப் பக்கத்தில் இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து வலது கையால் மீட்டினால் அந்தச் சுரம் கிடைக்கும். விரல் நகக்கண்ணில் தழும்பு விழுகிற அளவு பழகியிருந்தேன்.

அன்றைக்கு அந்த இடம் சுத்தமாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண்மணியின் மகள் எழுந்து வந்து திரைச்சீலையை இழுத்து மூடுகிறாள், முகமெல்லாம் கண்ணீர். நர்ஸ் வேகமாக வந்து, "இது வார்டு சார், எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மூச்சுக்கு நடுவில் சொன்னது, "எதுக்குல சாவு வீட்டுப் பாட்டு வாசிக்க?"

உண்மைதான். நம் பக்கத்தில் அந்தப் பாட்டை எங்கே கேட்கிறோம்? ஆராதனையில் மாலை வேளையில் பாடுவோம், அப்புறம் சவப்பெட்டியைச் சுற்றி நின்று பாடுவோம். அதை எழுதிய ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் 1847-இல் காசநோயில் இறந்தவர். நோயாளி எழுதியது நோயாளிக்குப் பொருந்தும் என்று நான் கணக்குப் போட்டேன். கேட்கிறவர் காதில் அது எந்த வீட்டு வாசலை ஞாபகப்படுத்தும் என்று யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாக "பரவாயில்ல அண்ணே" என்றாள். நர்ஸ் மேலும் எனக்கு வருத்தமில்லை, நாலு பேர் படுத்திருக்கிற இடத்தில் மற்ற மூன்று பேரைக் கேட்காமல் வாசித்தது என் தப்பு.

மே மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மார்பின் மாத்திரை, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், எல்லாம் இருந்தது. (மருந்துக்குப் பதிலாக வாசிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். ஒரு வேளை மாத்திரையைக்கூட நாங்கள் தவறவிடவில்லை. புற்றுநோயாளிகளிடம் இசை பதற்றத்தையும் வலியையும் ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, கட்டியைக் கரைக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.)

முதல் வாரம் ஹார்ப்பைத் தொடவே இல்லை. பயம். ஒரு நாள் மத்தியானம் அம்மாவே, "அந்தப் பெட்டிய எடுத்துட்டு வா" என்றார்கள். என்ன வாசிக்கட்டும் என்று கேட்டேன். அதைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "பக்தரே வாரும்" என்றார்கள்.

அக்கினி நட்சத்திர வெயில், கரண்ட் வேறு போய்ப்போய் வருகிறது, கிறிஸ்துமஸ் பாட்டு! எனக்கு முதலில் மனக்குழப்பத்தில் கேட்கிறார்களோ என்றுகூடத் தோன்றிற்று. அப்படி இல்லை. சின்ன வயதில் கிராமத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பிடித்துக்கொண்டு விடிய விடிய கேரல் ரவுண்ட்ஸ் போனது, கடைசி வீட்டில் சுக்குக் காப்பி கொடுத்தது, அவர்கள் அப்பா தோளில் தூங்கிக்கொண்டே வீடு வந்தது, இதையெல்லாம் நான் மூன்றாவது தடவை வாசிக்கும்போது விட்டுவிட்டுச் சொன்னார்கள். 60 வயதுப் பிள்ளையான நான் அதுவரை கேட்டறியாத கதை. அந்த மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ்தான். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

இன்னொரு விஷயம், கரண்ட்காரன் என்பதால் எனக்குக் காதில் பட்டது. ஆக்சிஜன் மிஷின் ஓயாமல் உறுமும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அதிர்வு, டிரான்ஸ்பார்மர் உறுமுவது அதன் இரட்டிப்பு, 100. மிஷினின் உறுமலும் அதே இடத்தில்தான் இருந்தது, அதற்கு மேல் ஸ்தாயியில் 200. என் ஹார்ப்பில் கீழ் ஜி நரம்பு 196. இரண்டும் சேரும்போது வினாடிக்கு நாலு துடிப்பு, வயிற்றைப் பிசைகிற மாதிரி ஒரு நடுக்கம். அம்மா நெற்றியைச் சுருக்குவது அந்த நரம்பு தொடும்போதுதான் என்று இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தேன். மிஷினை நிறுத்த முடியாது. அதனால் 22 நரம்பையும் 35 சென்ட் (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்) ஏற்றி மிஷினின் சுருதிக்கே சேர்த்துவிட்டேன். அதன் பிறகு அந்த உறுமல் தம்புரா மாதிரி கீழே ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு அதன் மேல் உட்கார்ந்தது. நெற்றி சுருங்கவில்லை.

வேகமும் அப்படித்தான். அம்மாவுக்கு நிமிடத்துக்கு 30 மூச்சு வாங்கும். பாட்டின் தாளத்துக்கு வாசிக்காமல், மூச்சு வெளியே போகும்போது ஒரு சுரம், அடுத்த மூச்சுக்கு அடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் மெதுவாக்கினால் சில நாள் மூச்சும் கூடவே மெதுவாகும். எல்லா நாளும் ஆகாது.

அமெரிக்காவில் இதை ஒரு படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். தெரீஸ் ஷ்ரோடர்-ஷேக்கர் என்ற ஹார்ப் கலைஞர் 1992-இல் மொண்டானா மாநிலத்தின் மிசூலா நகரத்து மருத்துவமனையில் ஆரம்பித்துவைத்தார், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு ஹார்ப்பும் குரலுமாக வாசிக்கிற பயிற்சி. மூச்சைப் பின்தொடர்வதுதான் அவர்களுக்கும் முக்கியம். ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் தெரிந்த பாட்டைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், தெரிந்த பாட்டு ஆளை இந்தப் பக்கமே பிடித்து இழுக்கும் என்று. வார்டில் எனக்கு நடந்ததைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. மே மாதம் நடந்ததைப் பார்த்தால் என் அம்மாவுக்கு அது பொருந்தவில்லை. கடைசி இரண்டு நாள், அவர்கள் கண் திறக்காதபோது, நானும் பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. ஜி, சி, ஜி என்று இரண்டு மூன்று நரம்பு மட்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம், நமக்கெதற்கு என்று என் மச்சான் ஒருவர் சொன்னார், இங்கேயும் யாராவது சொல்வீர்கள். புறநானூறு 281-ஐ எடுத்துப் பாருங்கள், அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டவன் வீட்டில் படுத்திருக்கிறான். வீட்டில் இரவ மரத்து இலையும் வேப்பிலையும் செருகி, வளைந்த யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வாசனைப் புகை போட்டு, அவன் புண்ணைக் காப்போம் வா தோழி என்று ஒரு பெண் கூப்பிடுகிறாள். நோயாளி பக்கத்தில் யாழ் வாசிப்பது நம் வீட்டில் இருந்த பழக்கம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கோயிலில் காலால் மிதிக்கிற பழைய ஆர்கன் ஒன்று இருந்தது. துருத்தியில் ஓட்டை, நாலு கட்டை எழும்பாது, அவ்வளவுதான் கோளாறு. நானும் இன்னும் இரண்டு பேரும் சொந்தச் செலவில் சரிசெய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் போனால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது கீபோர்டு, அதில் தானாக அடிக்கிற தாளம், இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர். பாமாலையை நாலு குரலில் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்பதில்லை. அம்மா ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ் குரல், பாடுவார்கள். கடைசி மூன்று வருடம் கோயிலில் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ஹார்ப் வாசிக்கும்போது, மூச்சே இல்லாத அந்த நிலையிலும், உதடு அசைந்தது ஆல்டோ வரிக்குத்தான், நான் வாசித்த மெட்டுக்கு அல்ல. அது எனக்குத் தெரியும், 50 வருடம் பக்கத்தில் நின்று பாடியவன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள், பேச முடிகிற நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "போதும்" என்று கை காட்டினால் வரியின் நடுவிலேயே நிறுத்துங்கள், முடித்துவிட்டு நிறுத்தக் கூடாது. யாரையும் வீடியோ எடுக்க விடாதீர்கள். அப்பா எரிந்து விழுந்தாலும் மனம் நோக வேண்டாம். தாவீது வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் அதே சவுல் ஈட்டியை எடுத்து எறிந்தான். ஒரு தடவை அல்ல. என் அம்மாவும் ஒரு நாள் டம்ளரைத் தட்டிவிட்டார்கள், வலி அப்படி.

அம்மா ஜூன் 9-ஆம் தேதி போனார்கள். அடக்கத்தில் 'என்னோடிரும்' பாடினார்கள், நான் வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய் வாசிக்கிறேன், பணம் வாங்குவதில்லை. ஹார்ப்பின் சுருதியை இன்னும் இறக்கவில்லை. ட்யூனரில் வைத்தால் 22 நரம்பும் 35 சென்ட் கூடத்தான் காட்டும். அப்படியே வாசிக்கிறேன்.