கிழங்கும் வெங்காயமும் கூழாக அழுகுகின்றன, என்ன மருந்து அடிப்பது?

மேலுக்கு நன்றாக இருக்கும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் உள்ளே கூழாகி நாறுகின்றன, எந்த மருந்து கேட்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் கேட்காது. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள் என்பதுதான் என் முதல் பதில்.

இது பாக்டீரியா மென்னழுகல். பெக்டோபாக்டீரியம், டிக்கேயா என்ற இரண்டு பேரினங்கள்தான் பெரும்பாலும் காரணம்; பழைய நூல்களில் எர்வினியா என்று இருக்கும். பூஞ்சைக்கொல்லி பாக்டீரியாவை அசைக்காது. தாமிர மருந்து மேற்பரப்பில் படியுமே தவிர, கிழங்கின் சதைக்குள் போய்ச் சேராது.

செல்லையும் செல்லையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இந்தக் கிருமியின் நொதிகள் கரைத்துவிடுகின்றன. செல்களிலிருந்து கசிவதே அதற்கு உணவு. எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்வரை கிருமிகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பெருகியதும் வேதிக் குறிப்புகளால் ஒன்றையொன்று அறிந்து, நொதியை ஒரே சமயத்தில் கொட்டும். நேற்றுவரை கெட்டியாக இருந்த கிழங்கு திடீரென்று குழைவது இதனால்தான். அதை அறுத்துப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் கூழுக்கும் நல்ல சதைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கரும்பழுப்புக் கோடு ஓடும். தொடக்கத்தில் வாடை அவ்வளவாக இருக்காது. பின்னால் வந்து சேரும் வேறு நுண்ணுயிரிகள்தான் நாற வைக்கின்றன.

கெட்டியான தோலைத் துளைத்து நுழைய இந்தக் கிருமியால் முடியாது. அதற்குக் காயம் வேண்டும், ஈரமும் வேண்டும். கிழங்கின் மேல் நீர்ப்படலம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் குறைகிறது, தோலில் உள்ள மூச்சுத்துளைகள் உப்பித் திறக்கின்றன, கிழங்கின் எதிர்ப்பும் தளர்கிறது. கிருமியோ ஆக்சிஜன் இல்லாமலும் வாழும். ஆகவே சேமித்து வைக்கப்போகும் கிழங்கைக் கழுவவே கழுவாதீர்கள், காற்றுப் புகாத பையிலும் கட்டாதீர்கள்.

அறுவடைக்குப் பின் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே மாதிரி நடத்துவதால் வரும் நஷ்டம் பெரிது. உருளைக்கிழங்கின் காயம் ஆற ஈரக்காற்று தேவை: 10 முதல் 15 டிகிரி செல்சியஸில், நீர் சொட்டாத ஈரப்பதத்தில், ஏறக்குறைய இரண்டு வாரம் வைத்துவிட்டுப் பிறகு குளிர்விக்க வேண்டும். வெங்காயத்துக்கு நேர் எதிர். தாள் சாயத் தொடங்கியதும் பாசனத்தை நிறுத்துங்கள். கழுத்தை இரு விரல்களால் உருட்டினால் உள்ளே வழுக்கக் கூடாது. அந்த அளவுக்குக் காய்ந்த பிறகுதான் தாளை அறுக்க வேண்டும். பச்சைக் கழுத்தை அறுப்பது கிருமிக்கு வாசல் திறந்துவிடுவதுதான். நோய் புகுந்த வெங்காயத்தை அழுத்தினால் கழுத்து வழியே நீர் கசியும்.

பூச்செடிகளில் கல்லா லில்லி, சைக்ளமென், ஹயசிந்த் ஆகியவையும் தப்புவதில்லை. மண்மட்டத்தில் குழைந்து, இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும். அவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஐரிஸ் மட்டும் விதிவிலக்கு: அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும்வரை சுரண்டி, வெயிலில் காயவைத்து நட்டால் பல சமயம் பிழைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியைக் கிருமிநாசினியில் முக்குங்கள்.

அழுகியவற்றை வயலோரத்தில் குவிக்காதீர்கள். அங்கே மொய்க்கும் ஈக்கள் கிருமியைச் சுமந்துபோய் அடுத்த செடியின் காயத்தில் வைத்துவிடும்.