காந்தாவில் அடித்துணி நடுவில் தொங்கினால்

காந்தா என்பது பழைய சேலைத் துணிகளை அடுக்கி ஓட்டுத்தையலால் தைக்கும் வங்காளப் போர்வை. அதன் அடித்துணி தொங்கினால் நடுப்பகுதித் தையலைப் பிரித்துவிடுங்கள். ஓரத்தைத் தொடாமல் விட்டால் தொங்கல் போகாது, ஒரு பக்க ஓரத்தையும் திறக்கத்தான் வேண்டும். அடுக்கிய பழைய சேலைத் துணிகள் எல்லாவற்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவி, 4 அங்குல இடைவெளியில் நீளமான தற்காலிக ஓட்டுத்தையல் போடுங்கள். பிறகு நடுவிலிருந்தே தையுங்கள்.

பெரும்பாலும் ஓரத்தை முதலில் மூடியதுதான் காரணம். மிச்சத் துணிக்கு வெளியேற வழியில்லை.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பிப் போட்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டினால் அப்போதே நூலைத் தளர்த்துங்கள்.

புதுப் பருத்தி கலந்திருந்தால் அதை முதலில் அலசிக் காயவையுங்கள். இல்லையேல் துவைத்தபின் மறுபடி சுருங்கும். தையல்களுக்கு இடையே வரும் மெல்லிய அலை வங்காளக் காந்தாவின் அழகு, அதை இஸ்திரி போட்டு அழிக்காதீர்கள்.