துரு ஆரஞ்சு நிறம் என்று யார் சொன்னது?

கேள்வி: பெரம்பூர் ஆலையின் பழைய ஐ.சி.எஃப். ரக ஸ்லீப்பர் ரயில் பெட்டி ஒன்றை 1/87 அளவு மாடலாகப் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்து, நீல எனாமல் அடித்திருக்கிறேன். துருப்பிடித்த மாதிரி காட்ட ஆரஞ்சு போஸ்டர் கலரைத் தொட்டு வைத்தேன். குங்குமம் கொட்டியது போல இருக்கிறது என்கிறான் மகன். ஒருவர் மூன்று டப்பா ‘ரஸ்ட் செட்’ (மாடலுக்கான துரு நிறப் பொடி) 3,200 ரூபாய் என்கிறார். வாங்கலாமா? அடித்ததைத் தின்னர் வைத்துத் துடைத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து. தின்னரைத் தொடவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பொதுவாகத் தின்னர் என்று கேட்டால் என்.சி. தின்னரைத்தான், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான காட்டமான தின்னரைத்தான், எடுத்து நீட்டுவார்கள். “எல்லா பெயின்டுக்கும் போகும் சார்” என்பார்கள். பெயின்டுக்கு மட்டுமில்லை, பிளாஸ்டிக்குக்கும் போகும். நானும் ஒரு முறை அதை நம்பித் துடைத்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒட்டிய ஜன்னல் கம்பிகள் பஞ்சோடு சேர்ந்து வெல்லப்பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தன. உங்களுடையது போஸ்டர் கலர்தானே? ஈரப் பஞ்சு போதும், வந்துவிடும்.

ரஸ்ட் செட் வேண்டாம். அந்த டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு பொடி. கோலத்துக்குக் கரை கட்டும் காவியும் அதே இனம்தான். மூட்டையாக வாங்கி, சின்ன டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டி விற்கும் ஆட்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விலையைக் கேட்டால் “கஸ்டம்ஸ் சார்” என்று ஒரு பெருமூச்சு. கஸ்டம்ஸ் கொடுமை உண்மைதான். குழந்தையின் கிலுகிலுப்பையும் நாம் மூன்று மாதம் கண்ணைச் சுருக்கிச் செய்யும் மாடலும் அவர்கள் அட்டவணையில் ஒரே தலைப்பு, 9503. 2020 பட்ஜெட்டில் அதற்கு வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. யாரிடம் போய் அழுவது? ஆனால் வண்ணப்பொடி அந்தத் தலைப்பிலேயே வராது. அந்தப் பெருமூச்சு வெறும் சாக்கு.

காவி வாங்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் பொடி அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் நல்ல காவி. தண்ணீரே சிவப்பாக நின்றால் சாயம் கலந்தது, கோலத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, துருவுக்கு வருவோம். புதுத் துருதான் ஆரஞ்சு. வருஷக்கணக்கான துரு கறுப்புக்குப் பக்கத்தில் போன பழுப்பு. அளவையும் யோசியுங்கள்: 1/87-இல் நீங்கள் வைக்கும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, நிஜப் பெட்டியில் 8.7 சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். குங்குமம் மாதிரி தெரிந்ததற்கு நிறம் பாதிக் காரணம், இதுதான் மீதி.

துரு தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் வரும். ஐ.சி.எஃப். பெட்டியில் அது மூன்று இடம்: ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள், கதவுப் படிக்கட்டின் ஓரம், எல்லாவற்றையும்விட இரண்டு முனைகளிலும் கழிவறைக்கு நேர் கீழே உள்ள அடிப்பகுதி. பெட்டியின் நடுவயிற்றில் துரு வைத்தால் ரயிலில் போயிருக்கிற யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அடுத்து எல்.எச்.பி. பெட்டி (ஐ.சி.எஃப்.-க்குப் பின் வந்த புது ரகம்) செய்தால் அதன் உடம்பில் துரு வைக்காதீர்கள். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெயின்ட் உரிந்தால் உள்ளே மங்கலான வெள்ளி நிறம் தெரியும், அவ்வளவுதான். மேலே படிவது தூசி, அழுக்கு, பிரேக் பொடி. போகியும் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) சக்கரமும் சாதாரண எஃகு, அங்கே பழுப்பு வரட்டும். “அழகுக்காக ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு கோடு” என்பார்கள். அந்த ஒரு கோடும் வேண்டாம். பெரம்பூரில் 1955 முதல் செய்த பழைய ஐ.சி.எஃப். வடிவத்தை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். துருப்பிடிக்க வேண்டுமானால் அந்தப் பெட்டிதான், நீங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

செய்முறை இதுதான். நீல எனாமல் மேல் அக்ரிலிக் கிளியர் வார்னிஷ் ஒரு கோட், ஒரு நாள் காயட்டும். இதை விட்டால் அப்புறம் டர்பென்டைன் பட்டு நீலமே கரைந்து வரும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் நகம் அளவு பிய்த்து, பர்ன்ட் அம்பர் அக்ரிலிக்கில் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சொன்ன இடங்களில் தட்டுங்கள். அந்தக் கரும்பழுப்புக்குள்ளேயே, அதைவிடச் சிறியதாக, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. ஆரஞ்சு ஆசை போகவில்லையென்றால் அதற்கும் உள்ளே ஊசி முனை அளவு.

அப்புறம் ஒழுகல். சியன்னா ஆயில் கலரை அட்டை மேல் பிதுக்கி அரை மணி நேரம் விடுங்கள், எண்ணெயை அட்டை குடித்துக்கொள்ளும். ஜன்னல் மூலையில் ஒரு புள்ளி. பத்து நிமிஷம் கழித்து, டர்பென்டைனில் நனைத்துத் துணியில் நன்றாகத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் நேர் கீழே ஒரே இழுப்பு. பிரஷ் ஈரமாக இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும், அந்த அளவுதான். ஒரு பக்கத்துக்கு நாலைந்து ஒழுகல் போதும், எல்லா ஜன்னலும் அழ வேண்டியதில்லை.

மேட் வார்னிஷ் அடிப்பதானால் இந்த நிலையில் அடித்துவிடுங்கள். காவியைக் கடைசியில் உலர்ந்த பிரஷ்ஷால் அடிச்சட்டத்திலும் போகியிலும் தடவுங்கள், அதற்கு மேல் எதுவும் அடிக்க வேண்டாம். வார்னிஷ் பட்டால் பாதிப் பொடி மறைந்துவிடும். நவம்பர் மழையில் வார்னிஷ் ஸ்பிரே டப்பாவையே எடுக்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தில் வார்னிஷ் வெள்ளை பூத்து, உங்கள் துரு மொத்தமும் திருநீறு பூசிக்கொண்டு நிற்கும்.