கை எட்டாத வால்வு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, திருகோணமலையில் ஒரு வெளிநாட்டுக்காரர் விற்றுவிட்டுப் போன 28 அடிப் பாய்ப்படகை நானும் மச்சானும் சேர்ந்து வாங்கி இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறோம். உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் எடுக்கும் வால்வு எஞ்சினுக்குப் பின்னால், இடப்பக்கம், அடிமட்டத்தில் இருக்கிறது. கபினுக்குள் இறங்கும் படியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும், கை போகாது. கொக்பிட்டில் (படகு ஓட்டுகிறவர் இருக்கும் திறந்த பள்ளத்தில்) இருக்கிற சாமான் பெட்டிக்குள் தலைகீழாக இறங்கிப் படுத்தால் விரல்நுனி மட்டும் பிடியில் படுகிறது. வாங்கின நாளிலிருந்து அதைப் பூட்டவேயில்லை. மெக்கானிக் "அது திறந்தபடியே கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது" என்கிறார். மச்சான் அதைப் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் போடுவோம் என்கிறார். எது சரி?
(ஊர்காவற்றுறை வாசகர்)

பதில்: திறந்தபடி கிடக்கட்டும் என்ற பேச்சை முதலில் விடுங்கள். உங்கள் மெக்கானிக்கில் பிழை சொல்லவில்லை. எங்கள் கரையில் ஓடுகிற பைபர் படகுகளில் பெரும்பாலானவை பின்னால் மோட்டார் கொழுவுகிறவை, அந்த மோட்டார் தண்ணீருக்குள் நிற்கிற தன் காலாலேயே தண்ணீரை எடுத்துத் தன் காலாலேயே விட்டுவிடும், படகின் அடியில் துளை என்ற ஒன்றே தேவையில்லை. அதனால் இந்த வால்வோடு பழக்கம், உள்ளே எஞ்சின் வைத்த பயணிகள் படகிலோ பலநாட் படகிலோ வேலை செய்தவர்களுக்குத்தான் இருக்கும்.

சரி, கணக்கைப் பாருங்கள். உங்கள் வால்வின் துளை 25 மில்லிமீற்றர் என்று வையுங்கள். அது நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே இருந்தால், அதில் கொழுவியிருக்கும் ஹோஸ் கழன்ற கணத்திலிருந்து நிமிடத்துக்கு 50 லீற்றருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய மூன்று தொன். உங்கள் படகின் எடையே மூன்று, நான்கு தொன்தான் இருக்கும். உள்ளே தேங்கும் தண்ணீரை இறைக்கச் சின்னப் படகுகளில் வைக்கும் தானியங்கி பம்மில் 500 கலன் என்று எழுதியிருந்தால் அது மணித்தியாலத்துக்கு 1,900 லீற்றர், அதுவும் தண்ணீரை மேலே தூக்காமல் விட்டால் மட்டும், நல்ல பற்றரி இருந்தால் மட்டும். ஆகவே பம்மை நம்பி இருக்கமுடியாது.

ஹோஸ் எப்படிக் கழலும் என்று கேட்பீர்கள். வெப்பத்தில் காய்ந்து வெடிக்கும், எஞ்சின் அதிர்வில் எங்கோ உரசித் தேயும், இறுக்கிற கிளிப்பின் திருகாணி மட்டும் மலிவான இரும்பாக இருந்து கறள் பிடித்து அறும். கிளிப் வாங்கும்போது காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் வளையத்தில் மட்டுமில்லாமல் திருகாணியிலும் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது வேண்டாம். வடிகட்டியின் மூடி, எஞ்சின் பம்மின் சீல், எஞ்சினுக்குள் வெப்பம் மாற்றும் பெட்டி, இவற்றில் எது விட்டாலும் தண்ணீரை நிறுத்தக்கூடிய ஒரே இடம் அந்த வால்வுதான்.

இனி மச்சானின் யோசனை. அது பிழையில்லை, ஆனால் முதல் வேலை அதுவல்ல. பழைய வால்வு இறுகிப்போயிருந்தால் அது பழையது என்பதால் மட்டும் இல்லை, யாரும் அதைத் திருப்பவில்லை என்பதால். கை போகாத இடத்தில் புது வால்வைப் போட்டாலும் இரண்டு வருடத்தில் அதுவும் இறுகிவிடும். கைக்கு வழி செய்யுங்கள், பிறகு வால்வைப் பற்றி யோசிக்கலாம்.

வழி என்றால் பெரும்பாலும் ஒரு கதவுதான். எஞ்சின் அறைக்கும் அந்தச் சாமான் பெட்டிக்கும் நடுவில் ஒரு பிளைவூட் தடுப்பு இருக்கும். சில படகுகளில் மற்றப் பக்கம் படுக்கை இருக்கும், அந்தப் பக்கத்துத் தடுப்பிலிருந்து வால்வு இன்னும் கிட்ட இருக்கவும்கூடும். கைபேசியை ஒரு தடியில் கட்டி உள்ளே விட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள், எந்தப் பக்கத்திலிருந்து கை நேராகப் போகும் என்று தெரிந்துவிடும். வெட்டும் முன் தடுப்பின் விளிம்பைக் கவனியுங்கள். திருகாணியால் மட்டும் பூட்டிய பலகை என்றால் பயமில்லை. பைபர் வைத்துப் படகின் உடலோடு சேர்த்து ஒட்டியிருந்தால் அது படகின் முறுக்கைத் தாங்குகிற தடுப்பு, அதை வெட்டலாம், ஆனால் மூலைகளை வட்டமாக விட்டு, விளிம்பில் நல்லாய் இடம் விட்டு, வெட்டின வாயைச் சுற்றி ஒரு சட்டம் ஒட்டவேண்டும். காரைநகரிலோ வல்வெட்டித்துறையிலோ படகு வேலை தெரிந்த ஓடாவி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

அளவைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடையில் விற்கும் 15 சென்ரிமீற்றர் வட்ட மூடியை வாங்கிப் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அதற்குள் கை போனால் கண் போகாது, கையே வாயை அடைத்துவிடும், ஸ்பானரைத் திருப்பவும் இடமில்லை. 25க்கு 30 சென்ரிமீற்றர் சதுரக் கதவு போடுங்கள். ரோச் லைற், கை, கண் மூன்றும் ஒன்றாகப் போகவேண்டும். மூடிக்கு ரப்பர் பட்டி ஒட்டி இறுக்கமாகப் பூட்டுங்கள், எஞ்சின் புகை படுக்கைப் பக்கம் வரக்கூடாது. சமையல் காஸ் சிலிண்டர் வைக்கிற பெட்டி என்றால் அந்தப் பக்கத்தில் துளை போடவே வேண்டாம். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நேரே எஞ்சின் அடிக்கு இறங்கித் தேங்கும்.

கதவு போட்டும் எட்டவில்லை என்றால் நீட்டுப் பிடி. வால்வின் பிடி கால்வட்டம், 90 பாகைதான் திரும்பும், அதனால் இது சுலபமான வேலை. அரை அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய் ஒன்றை எடுத்து, கீழ் நுனியில் வால்வின் பிடி நுழைகிற மாதிரி ஒரு பிளவு வெட்டி, மேல் நுனியில் குறுக்கே ஒரு கைப்பிடி வெல்ட் பண்ணினால் போதும், எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்வார்கள். தண்டு நிற்கிற கோணம் சரிவராவிட்டால், பிடியின் நுனியில் துளை போட்டு ஆணியால் ஒரு கம்பியைக் கொழுவி இழுக்கிற, தள்ளுகிற மாதிரி வைக்கலாம். அந்தக் கம்பி நெளியாத தடிப்பில் இருக்கவேண்டும், பிடி வட்டமாகப் போவதால் நுனி ஆடவும் இடம் வேண்டும். மோட்டாருக்குப் பூட்டும் கியர் கேபிளை வைத்தும் சிலர் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தேடி வாங்கலாம், ஆனால் உப்பில் கேபிள் உள்ளுக்குள்ளேயே இறுகும், அப்போது இறுகினது கேபிளா வால்வா என்று கைக்குத் தெரியாது. மின்சாரத்தில் திறந்து பூட்டும் வால்வை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தண்ணீர் ஏறிப் பற்றரி நனைகிற நேரத்தில்தான் அது வேலை செய்யவேண்டும்.

நீட்டுப் பிடி போடமுதல் வால்வு கையால் இலகுவாகத் திரும்பவேண்டும், இது முக்கியம். இறுகின வால்வில் நீட்டுப் பிடியைக் கொழுவி உன்னினால் எவ்வளவு பலம் போகிறது என்று உங்களுக்கே தெரியாது, பிடி முறியும், இல்லையென்றால் வால்வே அடியோடு சுழன்று படகின் துளையில் சீல் விட்டுவிடும், அதுவும் படகு தண்ணீரில் நிற்கும்போது. இப்போதைக்கு பிடி ஏறுகிற தண்டில் ஊடுருவும் எண்ணெய் அடித்து, ஒரு நாள் விட்டு, விரல் பலத்தால் மட்டும் கொஞ்சம் அங்கே இங்கே அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் விடுங்கள், படகைக் கரையேற்றும் மட்டும் பொறுங்கள். எங்கள் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரும் வராது, கீழே ஏரா (படகின் அடி நடுவில் ஓடும் முதுகெலும்பு) நீண்ட பாய்ப்படகை வற்றில் தரைதட்டவைத்து வேலை செய்ய வாய்ப்பில்லை, தூக்கித்தான் ஆகவேண்டும். அதற்குள் ஹோஸ் மோசமாக இருந்தால், சுழியோடி ஒருவரை இறக்கி வெளியிலிருந்து துளைக்கு ஆப்பு அடித்துவிட்டு உள்ளே ஹோஸை மாற்றலாம். ஹோஸின் ஒவ்வொரு நுனியிலும் இரண்டு கிளிப்.

கரையேற்றினபின் இடம் மாற்றுவதென்றால் மாற்றுங்கள், அப்போது மச்சான் சொல்வது சரி. பழைய துளையைச் சும்மா அடைக்காமல், சுற்றிவரத் தடிப்பின் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, பைபர் அடுக்கடுக்காக வைத்து மூடவேண்டும். புதுத் துளையைக் கைக்கு வசதி என்று பக்கவாட்டில் மேலே கொண்டுபோகவேண்டாம். சோளகக் காற்றில் பாய் இழுத்துப் படகு சரியும்போது துளை தண்ணீருக்கு மேலே வந்தால் எஞ்சின் காற்றைக் குடிக்கும். நடு ஏராவுக்குக் கிட்டவே இருக்கட்டும்.

கேள்வி: வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டும் பித்தளை 'போல் வால்வு' (உள்ளே உருண்டை வைத்த வால்வு) கடையில் மலிவாகக் கிடைக்கிறது. படகுக்குப் போட்டால் என்ன?
(காரைநகர் வாசகர்)

பதில்: வேண்டாம். சாதாரண பித்தளையில் ஏறக்குறைய 40 வீதம் நாகம் (துத்தநாகம்). உப்புத்தண்ணீர் அந்த நாகத்தை மட்டும் கரைத்து எடுத்துவிட்டுச் செம்பை ஓட்டை ஓட்டையாக விட்டுவிடும். வெளியே பார்த்தால் வால்வு முழுசாக நிற்கும், தட்டினால் பிஸ்கற் மாதிரி உடையும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், மஞ்சளாக மினுங்கினால் இன்னும் உயிர் இருக்கிறது, இளஞ்சிவப்பாக இருந்தால் உடனே மாற்றவேண்டும். வெண்கலம் போடுங்கள், அல்லது நாகம் கரையாதபடி ஆசெனிக் சேர்த்த பித்தளை, அதன் உடலில் டிஇசட்ஆர் அல்லது சிஆர் என்று குத்தியிருப்பார்கள். கடலுக்கென்றே செய்யும், நார் கலந்த பிளாஸ்டிக் வால்வும் நல்லது, அதற்கு இந்த அரிப்பே இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த படகு என்றால் தொழிற்சாலை போட்டதுதானே என்று நம்பி இருக்கவேண்டாம், அங்கே பின்பற்றும் ஐஎஸ்ஓ 9093 தரமே, அரிப்பைத் தாங்கும் பொருள் என்றால் ஐந்து வருடம் குறையில்லாமல் நிற்பது என்றுதான் சொல்கிறது. சக்கரத்தைச் சுற்றித் திறக்கிற கேற் வால்வும் வேண்டாம், அது பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லமுடியாது, நடுவில் ஒரு கல்லோ ஊரியோ சிக்கினால் பூட்டவும் பூட்டாது.

கேள்வி: கடல்வால்வைப் பூட்டிவிட்டு வந்து, அடுத்த முறை திறக்க மறந்து எஞ்சினைப் போட்டுவிட்டார் தம்பி. பம்முக்குள் இருந்த ரப்பர் சில்லு துண்டு துண்டாகப் போய்விட்டது. இதற்குப் பயந்தே இப்போது பூட்டுவதில்லை.
(குருநகர் வாசகர்)

பதில்: எஞ்சின் திறப்பை (சாவியை) வால்வின் பிடியிலேயே தொங்கவிடுங்கள். பூட்டும்போது திறப்பை அங்கே கொழுவினால், அடுத்த முறை வால்வுக்குப் போகாமல் எஞ்சினைப் போடமுடியாது. எஞ்சின் வேலைசெய்யத் தொடங்கியதும் பின்னால் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பார்க்கிறதைத் தம்பிக்குப் பழக்கிவிடுங்கள். அப்புறம், அந்த ரப்பர்த் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்தீர்களா? பம்மைத் தாண்டிப் போய் வெப்பம் மாற்றும் பெட்டியின் வாயில் சிக்கியிருக்கும், பழைய சில்லின் இதழ்களை எண்ணிப் பார்த்து, குறைகிறதைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

குருநகர்ப் பக்கம் என்பதால் இன்னொன்று. கடல்நீரேரியில் சாதாளையும் (கடற்செடி) சொறியும் (ஜெல்லிமீன்) துளைக்குள் ஏறி அடைக்கும். வடிகட்டியை வால்வுக்கு நேர் மேலே, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். அடைத்தால் மூடியைக் கழற்றி, மேலேயிருந்தே ஒரு கம்பியை வால்வுக்கு ஊடாக வெளியே குத்தித் தள்ளலாம், தண்ணீருக்குள் குதிக்கத் தேவையில்லை.

கேள்வி: வால்வு உடைந்தால் துளையை அடைக்க மரஆப்பு கட்டிவைக்கச் சொல்கிறார்கள். எந்த மரம்?
(வேலணை வாசகர்)

பதில்: மென்மரம். தண்ணீரில் ஊறி உப்பி இறுகவேண்டும், பனை போன்ற வைரமான மரம் சரிவராது. வேலியில் நிற்கும் முள்முருக்கை நன்றாகக் காயவைத்துக் கூம்பாகச் சீவலாம். ஒவ்வொரு துளையின் அளவுக்கும் தனி ஆப்பு, அந்தந்த வால்விலேயே கயிற்றால் கட்டி, பக்கத்தில் ஒரு சுத்தியல்.

கேள்வி: கொக்பிட்டில் விழும் மழைத்தண்ணீர் போகிற இரண்டு குழாய்களிலும் அடியில் வால்வு இருக்கிறது. எஞ்சின் வால்வோடு அவற்றையும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாமா?
(வல்வெட்டித்துறை வாசகர்)

பதில்: மாரியில் ஒருபோதும் பூட்டவேண்டாம். கார்த்திகை, மார்கழியில் இங்கே விடாமல் பெய்கிற மழைக்குக் கொக்பிட் நிரம்பி, அந்தப் பாரத்தில் படகின் பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் வாசற்பலகைக்கு மேலால் கபினுக்குள் இறங்கும். எஞ்சின் வால்வைப் பூட்டுங்கள், இவை இரண்டும் திறந்தே இருக்கட்டும். எப்போதும் திறந்திருக்கிறவை என்பதால் இவற்றின் ஹோஸ்தான் படகிலேயே ஆக நல்ல ஹோஸாக இருக்கவேண்டும், உள்ளே கம்பிச்சுருள் வைத்த தடித்த ரகம். மாதம் ஒருமுறை வால்வைப் பூட்டித் திறந்து, இறுகாமல் வைத்திருங்கள்.